மேகம் இறங்கினால் தகரம் தட்ட வேண்டும்

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "உங்க இன்ஃப்ளூயன்ஸ் யாரு?" ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற பெண் என்றால் யாராவது ஒரு வெள்ளைக்காரன் பெயரைச் சொல்வேன், அதைத் தலைப்பில் போட்டுவிடலாம் என்று காத்திருப்பார்கள். நான் "காட்டுமாடு" என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அதற்கு மேல் அந்தப் பேட்டி உருப்படாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காட்டுமாட்டை அவர்கள் செல்போனில்தான் பார்த்திருப்பார்கள்.

கொடைக்கானலைத் தாண்டி, போளூர்ப் பக்கம் போகிற பாதையிலிருந்து பிரியும் ஒரு மண் ரோட்டின் கடைசியில் இருக்கிறது எங்கள் ஊர். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். படிக்கட்டு மாதிரி இறங்கும் தோட்டங்கள், அதற்கு மேலே சோலை. ஐப்பசி பிறந்துவிட்டால் மேகம் தரைக்கு இறங்கிவிடும். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்து ஆகாவென்று கை தட்டுவார்கள். எங்களுக்குக் கண் சோலைப் பக்கம் போகும். ஏனென்றால் மேகம் இறங்கினால் பட்டப்பகலிலேயே காட்டுமாடு தோட்டத்துக்குள் வரும். அது பூண்டைத் தின்னாது. ஆனால் பீன்ஸைத் தின்னப் போகிற வழியில் பூண்டுப் பாத்தியை மிதித்தே முடித்துவிடும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. அதற்கு நாம் தெரிவதில்லை, நமக்கு அது தெரிவதில்லை. திடீரென்று ஒரு ஜீப் அகல நெஞ்சு நம் முன்னால் நிற்கும்.

அதனால் தகரம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தைல மரக் கிளையில் பழைய எண்ணெய் டின் ஒன்று தொங்கும். மேகம் இறங்கியதும் தோட்டத்தில் இருக்கிற ஆள் குச்சியால் அதைத் தட்டத் தொடங்க வேண்டும். வேலை செய்தபடி நடுவில் போய்த் தட்டலாம், கொஞ்சம் விட்டும் தட்டலாம். ஆனால் தொடர்ந்து சத்தம் வராமல் இருக்கக் கூடாது. மாட்டை விரட்டுவது பாதிக் காரணம்தான். மற்றப் பாதி, நான் இன்னும் இருக்கிறேன் என்று பக்கத்துத் தோட்டத்துக்குச் சொல்வது. ஒவ்வொருவருக்கும் தனி அடி உண்டு. கண் தெரியாத மேகத்துக்குள் காதுக்குத் தெரியும்: இது இன்னார், அது இன்னார். ஓர் அடி நின்றுவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் "ஏலே... ஓய்!" என்று குரல் கொடுப்பார். பதில் இல்லையென்றால் கையில் இருக்கிற சோலியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். வரப்புச் சண்டையில் முகம் பார்க்காதவர்களும் ஓட வேண்டும். அது எங்கள் ஊரில் எழுதாத சட்டம்.

இன்னும் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் அடியை இன்னொருவர் தட்டக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. சின்ன வயதில் நான் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு தட்டில் அப்பாவின் அடியைத் தட்டினேன். அம்மா கையில் இருந்த கரண்டியாலேயே முழங்கையில் போட்டாள். "உசுரோட இருக்கற மனுசன் அடியத் தட்டுறியே, வெளங்குமாடி?" என்றாள். அதோடு நான் தட்டியதில்லை. தட்டவில்லையே தவிர, காதுக்குள் அது எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அவசரமில்லாத இரண்டு தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, நெருக்கமாக மூன்று தட்டு, கடைசியில் குச்சியால் டின்னின் விளிம்பில் ஓர் இழுப்பு. அந்த இழுப்புதான் அப்பா. ஊரில் வேறு யாருக்கும் அது வராது.

அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் அம்மா வீட்டில் நிம்மதியாகப் பூண்டு உரிப்பாள். கொஞ்சம் தாமதமானால் அவள் விரல்கள் நின்றுவிடும். மறுபடி இழுப்பு கேட்டதும் உரிக்கத் தொடங்குவாள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். இசை என்றால் மனசுக்கு இதம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்கு இசை வந்தது பயத்தில். சத்தம் நின்றால் ஆள் போய்விட்டான் என்ற பயத்தில்.

ஆறாவது படிக்கக் கொடைக்கானலில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் மேகம் இறங்கும். ஆனால் யாரும் எதையும் தட்ட மாட்டார்கள். வகுப்பறை ஜன்னலில் வெள்ளையாக வந்து நின்றதும் என் கை தானாக மேசைக்குப் போகும். டீச்சர் "ஸ்டாப் இட்" என்பார். கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன். இத்தனை பிள்ளைகள் இவ்வளவு அமைதியாக இருக்கிறார்களே, எல்லோரும் செத்துப்போய்விட்டார்களோ என்று இருக்கும்.

விடுதியில் சமையல் செய்த அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர் நல்ல மூடில் இருந்தால் அண்டாவின் பக்கவாட்டில் அகப்பையால் தட்டிக்கொண்டே பைலா என்கிற இலங்கை ஆட்டப்பாட்டைப் பாடுவார். எங்கள் தகரம் நடக்கும். அது குதிக்கும். சாம்பார் கொதிக்கிற தாளத்தில் குதிக்கும். ஒருநாள் நான் பக்கத்தில் போய் நின்று வேறொரு மூடியில் பதிலுக்கு நெருக்கமாகத் தட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வேணாம் பிள்ள, அப்பிடித் தட்டாத," என்றார். "அங்க லயத்துல விடியறதுக்கு முன்னால பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிப்பாங்க. காய்ச்சலா கெடந்தாலும், பிள்ள பெத்து மூணா நாளா இருந்தாலும், அந்தச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயாகணும். இன்னமும் கேட்டா எந்திரிச்சு ஒக்காந்துருவேன்."

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் எண்ணுவது. ஒரே மாதிரி சத்தம் ஒரு வீட்டில் நிம்மதியாகவும் இன்னொரு வீட்டில் சாட்டையாகவும் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மா மறுபடி பைலா பாடினார். நான் மூடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். இன்றைக்கும் எங்கள் குழு அந்தக் குதிப்பில் ஒரு பாட்டு வாசிக்கிறது. ஆடுகிறவர்கள் ஆடட்டும். எனக்கு அதில் காய்ச்சலோடு எழுந்து போகிற ஒரு பெண்தான் தெரிவாள்.

சர்ச் பாடகர் குழுவில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம் பக்தி இல்லை, ஆள் பற்றாக்குறை. என் குரல் கரகரப்பு என்பதால் கீழ்க்குரலில் போட்டார்கள். கொடைக்கானலிலேயே தங்கிவிட்ட வயதான வெள்ளைக்காரர்கள் அவ்வப்போது செத்துப்போவார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் எங்கோ இருப்பார்கள், வர மாட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் அழ ஆளில்லாமல் போய்விடக் கூடாதென்று எங்களைக் கூட்டிப் போவார்கள். ஈரப் புல்லில், கிழிந்த ஷூவுக்குள் கால் விறைக்க, யாரென்றே தெரியாத ஒருவருக்காக நான்கு குரலில் பாடுவோம். முடிந்ததும் ஒரு பன் கிடைக்கும். அந்தப் பன்னுக்காக அடுத்த சாவை எதிர்பார்த்திருக்கிறோம். சொல்ல வெட்கம்தான், ஆனால் பசித்த பிள்ளைகள் வேறெப்படி இருக்கும்? ஒரே துக்கத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லலாம், ஒருவரை ஒருவர் இடிக்காமல் சொல்லலாம் என்பதை நான் அங்கே கற்றேன்.

தைப்பூசத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டோடு பழனிக்கு நடப்போம். அப்பா காவடி எடுப்பார். வருடம் முழுக்க ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், அடிவாரத்தில் பம்பையும் உறுமியும் சேர்ந்து எழுந்ததும் வேறு ஆளாகிவிடுவார். கண் செருகும், தோள் குலுங்கும், கால் தரையில் நிற்காது. அவர் ஆடி நான் பார்த்தது அங்கே மட்டும்தான். அதைப் பார்க்கப் பயமாக இருக்கும். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு வருடம் உறுமிக்காரர் எங்களுக்கு மிக அருகில் வந்துவிட்டார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து ஓர் இழுப்பு இழுத்தார். நான் முந்தானையை விட்டுவிட்டேன். அது எனக்குத் தெரிந்த இழுப்பு. டின்னின் விளிம்பில் தினமும் கேட்ட அதே இழுப்பு.

திரும்பி வருகிற வழியில், "அந்த உறுமி இழுப்பத்தான் நீங்க தகரத்துல இழுக்கறீங்களாப்பா?" என்று கேட்டேன். அப்பா மாட்டிக்கொண்டது போல முழித்தார். பிறகு, "வாயில பஞ்சாமிர்தம் இருக்கும்போது பேசாத, வெரசா நட," என்றார். அவருக்கும் இன்ஃப்ளூயன்ஸ் இருந்திருக்கிறது. கேட்கத்தான் பத்திரிகைக்காரர்கள் இல்லை.

டிரம்ஸை முதலில் கேட்டது ஏரிக்கரை ரோட்டில். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரிசையாக நடந்து போகும்போது, பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் வாடகைக்கு எடுத்த ஒரு ஷெட்டில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேகம் மூடியிருந்ததால் ஷெட் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. கிட்டார் அலறியது. அதற்கடியில் ஒருவன் ஒரே நேரத்தில் நாலைந்து தோட்டத்தின் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் வரிசையிலிருந்து நின்றுவிட்டேன். மேகத்துக்குள்ளிருந்து சத்தம் வருகிறது, அப்படியென்றால் ஆள் உயிரோடு இருக்கிறான். விடுதிக்கு வந்த நாளிலிருந்து என் நெஞ்சில் முறுக்கிக்கொண்டிருந்த ஒன்று அவிழ்ந்தது. அழுதேன். சிஸ்டர் காது வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் நீளமான கதை, சுவாரசியமும் இல்லை. மதுரையில் கல்லூரி, அங்கே ஒரு ஓட்டை டிரம் செட், பிறகு சென்னை, இப்போது இருக்கும் குழு. எங்கள் பாட்டு ஒன்று ஓரளவு பரவியது. அதை எழுதியதும் நான், பாடுவதும் நான். பாடுவது என்று சொன்னால் பாடகர்கள் கோபித்துக்கொள்வார்கள். தொடக்கத்திலேயே ஒரு கத்து கத்துவேன். டிரம்ஸ் அதற்குப் பிறகுதான் வரும்.

அப்பாவுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. ஊருக்குப் போனபோது செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கத்து வந்ததும் திடுக்கிட்டுச் சோலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, இது எந்த மாட்ட வெரட்டறதுக்கு?"

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளே சுருக்கென்றது. பாட்டு முடியும் முன்பே போனைச் சாக்கின் மேல் கவிழ்த்து வைத்தார். "நம்ம சோலி காவல். சத்தம் போட்டா ஒரு காரியம் ஆகணும். சும்மா கத்துறதுக்கு எதுக்குப் படிச்ச?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அதன் பிறகு நான் எத்தனையோ மேடை ஏறினேன். கொடைக்கானலிலேயே வாசித்தபோதும் அவர் வரவில்லை. பூண்டுக்கு மருந்தடிக்க வேண்டும் என்றார். மருந்தடித்து முன்னமே முடித்தாகியிருந்தது என்று அம்மா பின்னர் சொன்னாள். ஆயிரம் பேர் கை தட்டினாலும் அந்த ஒருவர் காது கொடுக்கவில்லை என்பது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு தடவை, முழுதாக ஒரே ஒரு தடவை அவர் என் பாட்டைக் கேட்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

அப்படி இருக்கும்போது, போன வருடத்துக்கு முந்தின வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் அவரே போன் செய்தார். அவர் போன் செய்வதே அதிசயம்.

"ஏத்தா, ஒங்கிட்ட சின்ன ஸ்பீக்கர் ஏதும் கெடக்கா?"

"எதுக்குப்பா?"

"பாட்டுக் கேக்கணும்."

"என் பாட்டாப்பா?" என்று கேட்டேன். "ம்," என்றார். "தூரத்துக்குக் கேக்குமா? சாரல்ல நனஞ்சா கெட்டுப் போகுமா?"

அப்பா என் பாட்டைத் தோட்டத்தில் போட்டு மலை முழுக்கக் கேட்க வைக்கப் போகிறார் என்று குழுவில் எல்லோரிடமும் சொன்னேன். நாங்கள் ஒத்திகைக்கு வைத்திருந்த ஸ்பீக்கர், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. அதைத் துடைத்து, ஒரு மெமரி கார்டில் எங்கள் பாட்டுகளை ஏற்றி, அந்தப் பாட்டை முதலில் வைத்து, நானே எடுத்துப் போய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வலது கை பாதிக்கு மேல் எழவில்லை என்பதை அப்போது பார்த்தேன். கேட்டதற்கு, சுளுக்கு என்றார். கிழங்கு மூட்டை தூக்கித் தூக்கித் தோள் தசையே பிய்ந்திருந்தது என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு போனில் அம்மாவிடம் கேட்பேன், அப்பா பாட்டுக் கேட்கிறாரா என்று. அம்மா அவரைக் கேட்டுச் சொல்வாள். "கேக்கறாராம். சத்தமா இருக்காம்." அந்தப் பதிலையே நான் பாராட்டாக வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், மேகம் காலையிலிருந்தே விலகாத நாள். அம்மா வீட்டில் விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். மேலே அப்பாவின் தகரம் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் கேட்டது. வரப்பு விஷயத்தில் அவரும் அப்பாவும் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. ஏதோ உருளுகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். அவர் நிமிர்ந்து கேட்டிருக்கிறார். தகரம் தட்டிக்கொண்டே இருந்தது, இழுப்பும் வந்தது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று குனிந்துகொண்டார். அவரை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் குனிந்திருப்பேன்.

வெகு நேரம் கழித்துத் தகரம் நின்றது. அவர் குரல் கொடுக்க வாயெடுப்பதற்குள் மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள். அதற்குப் பின்னால் இடி மாதிரி டிரம்ஸ் இறங்கியது. மலையே அதிர்ந்தது என்றார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். கீழே அம்மாவும் முறத்தைத் தள்ளிவிட்டு ஓடினாள். அவளுக்கு என் குரல் என்று தெரிந்துவிட்டது. ஏன் அது வருகிறது என்றுதான் தெரியவில்லை.

அப்பா கீழ்ப் பாத்தியில் கல் கட்டுக்குப் பக்கத்தில் கிடந்தார். காட்டுமாடு தொடையில் குத்திக் கிழித்திருந்தது. குத்தினதில் உயிர் போகவில்லை, ரத்தம் போய்த்தான் போயிற்று. அவர்கள் போனபோது உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. மேல் பாத்தியில், தைல மரத்தில் தொங்கிய டின்னுக்குள் ஸ்பீக்கர் இருந்தது. அதில் நான் பாடிக்கொண்டிருந்தேன். அதை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் டின்னோடு பிய்த்துப் பாத்தியில் எறிந்தார்.

அப்போதுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. கை எழாத மனுஷன் தன் அடியைத் தானே பதிவு செய்து, டின்னுக்குள் வைத்து ஓடவிட்டிருக்கிறார். அந்த மழைக்காலம் முழுக்க அம்மா நிம்மதியாகக் கேட்டது ஒரு ஸ்பீக்கரை. மாடுகள் எங்களைவிட விவரம். ஆள் தட்டினால் ஒரு தட்டு பலமாக விழும், ஒரு தட்டு சோம்பலாக விழும், திடீரென்று கோபத்தில் நாலு தட்டு கூட விழும். ஸ்பீக்கர் அப்படியே திரும்பச் சொல்லும். ஒரே மாதிரி வருகிற சத்தத்துக்குப் பின்னால் ஆள் இல்லை என்று அவை சீக்கிரமே கண்டுகொண்டன.

மறுநாள் காலையில் நான் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஊரில் ஆள் போனால் அடியும் போக வேண்டும். தூக்குவதற்கு முன்னால், இறந்தவரின் டின்னில் அவர் அடியைப் பிள்ளை ஒரு முறை தட்ட வேண்டும். பிறகு டின்னை மிதித்துத் தட்டையாக்கி அவரோடு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த அடியை யாரும் தட்டக் கூடாது. அவருக்கு நான் ஒரே பிள்ளை. பெண் தட்டலாமா என்று யாரோ இழுத்தார்கள். "அவ சோலியே அதான், தட்டட்டும்," என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் முடித்துவைத்தார்.

அதுவரை வாழ்நாளில் தட்டக் கூடாது என்று கரண்டியால் அடி வாங்கிய அடியை வாசலில் உட்கார்ந்து தட்டினேன். இரண்டு தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. இழுப்பு எனக்கு வரவில்லை. குச்சி விளிம்பில் வழுக்கிவிட்டது. மறுபடி இழுக்கலாமா என்று பார்த்தேன், அதற்குள் டின்னை வாங்கிக்கொண்டார்கள். அம்மா அதுவரை அழவில்லை. சத்தம் நின்ற பிறகுதான் அழுதாள்.

எங்கள் வாசிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் தாளத்தில் எதிர்பார்க்கிற இடத்தில் அடிக்காமல் தள்ளி அடிக்கிறேனாம், அது என் தனி பாணியாம். பாணியாவது மண்ணாவது. கை அந்த இரண்டு தட்டுக்குப் போகும், நான் இழுத்துப் பிடிப்பேன். அங்கே விழுகிற ஓட்டைதான் பாணி.

கருமாதி முடிந்து, அந்த மெமரி கார்டை எடுத்துக்கொண்டு கொடைக்கானலில் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். அப்பா அங்கேதான் போவார். தகரத்துக்குப் பின்னால் என் பாட்டு எப்படி வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கடைக்காரர் என் வயதுக்காரர். யார் மகள் என்று சொல்லிக் கார்டை நீட்டியதுமே முகம் விழுந்துவிட்டது.

"உங்கப்பாதாங்க வந்தாரு. போன்ல தகரச் சத்தம் ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தாரு, கொஞ்சந்தாங்க இருந்துச்சு. கை வலிக்குதுன்னாரு. அதையே வெட்டி ஒட்டி நீளமா ஓடற மாதிரி பண்ணிக் குடுத்தேன். நிக்காம ரிப்பீட்ல ஓடற மாதிரி வெச்சுத் தரவான்னு கேட்டேங்க. வேணாம்னுட்டாரு."

"ஏன் வேணாம்னாரு?"

"நின்னா நான் போயித்தான் அமுக்கணும், நான் அமுக்காட்டி அது நிக்கணும்னாரு. எனக்கு அப்பப் புரியலங்க."

எனக்குப் புரிந்தது. ஊர்ச் சட்டத்தை அவர் விடவில்லை. ஆள் விழுந்தால் சத்தம் நிற்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். மேலேயும் கீழேயும் அடிக்கடி ஏறி இறங்க முடியாமல், அதைக் கொஞ்சம் நீளமாக வைத்துவிட்டார். தினமும் அது முடியப் போகும்போதே போய் மறுபடி அமுக்கியிருக்கிறார், அதனால்தான் அதுவரை ஒரு நாளும் என் பாட்டு வரவில்லை. பிசகு அந்த நீளத்தில் மட்டும்தான்.

கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கார்டுல உங்க பாட்டு இருந்துச்சுங்க. தகரத்த மட்டும் வெச்சுட்டு இதெல்லாம் அழிச்சிரவான்னு கேட்டேன். கெடக்கட்டும்னாரு. தகரத்துக்கு அடுத்தாப்புல இந்த மொதப் பாட்டு வர்ற மாதிரி வெய்யின்னு அவருதாங்க சொன்னாரு."

"என்ன சொன்னாரு, அப்பிடியே சொல்லுங்க."

"எம் மகப் பாட்டு. அந்தக் கத்து கேட்டா ஊரே ஓடியாரும்னாரு. கடைசி வரைக்கும் ஓடவிட்டுக் கேட்டாரு, அப்பறம் சிரிச்சுக்கிட்டேதாங்க சொன்னாரு."

கடையிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் போட்டால் ஒரு காரியம் ஆக வேண்டும் என்று சொன்ன மனிதர் என் பாட்டுக்கு ஒரு காரியம் கொடுத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த வேலைகளிலேயே பெரிய வேலையை, தன் உயிரைக் காக்கிற வேலையை நம்பிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடையில் நின்று, முழுதாக ஒரே ஒரு தடவை, அவர் அதைக் கேட்டிருக்கிறார். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. இப்படி நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் விதைக்கு வைத்த பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாத்தியில் மறுபடி நட வேண்டும். நான் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை.

"வந்தோம்ல," என்றாள் கடைசியில். "ஒம் பாட்டு கூப்புட்டுச்சு, வந்தோம். அது மேல ஒரு கொறையும் இல்ல." ஒரு பூண்டை எடுத்தாள், பிரிக்காமல் வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் வெள்ளனே வந்திருக்கலாம், அம்புட்டுத்தேன்."

அந்தப் பாட்டை நாங்கள் இன்னும் வாசிக்கிறோம். குழுவில் வேண்டாம் என்றார்கள், நான்தான் வாசிக்க வேண்டும் என்றேன். விளக்கெல்லாம் அணையும், நான் கத்துவேன், கூட்டம் மேடையை நோக்கி ஓடி வரும். எனக்கு மட்டும் குச்சியைப் போட்டுவிட்டு அந்தக் கீழ்ப் பாத்திப் பக்கம் ஓட வேண்டும் போலிருக்கும்.